கப்பலேறாத துப்பறிவாளர்கள்

மகெல்லனின் கப்பல்கள் 1520 நவம்பரில் பசிபிக் பெருங்கடலுக்குள் நுழைந்தன. அடுத்த மூன்று மாதமும் இருபது நாளும் அவர்களுக்குப் புது உணவு எதுவும் கிடைக்கவில்லை. உடன் சென்ற இத்தாலியர் அந்தோனியோ பிகாஃபெத்தா இதைக் குறித்துவைத்திருக்கிறார். கயிறுகள் உராய்ந்து தேயாமலிருக்கப் பாய் கட்டும் குறுக்குக்கட்டையான பெரிய பருமலின்மேல் மாட்டுத்தோல் சுற்றியிருந்தார்கள். பசி முற்றியபோது அதைக் கழற்றி, நாலைந்து நாள் கடல்நீரில் ஊறப்போட்டு, தணலில் வாட்டித் தின்றார்கள். வெயிலும் மழையும் காற்றும் பட்டு அந்தத் தோல் அவ்வளவு இறுகியிருந்தது. ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ தோல் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர் இதைப் படித்தால், அந்த நாலைந்து நாள் கணக்கை உடனே ஒப்புக்கொள்வார். காய்ந்த தோல் எப்போது இளகும், உப்புத் தோல் எப்போது இளகும் என்பது அவர் கைக்குத் தெரியும். அந்தக் கப்பலில் ஒரு கொலை விழுந்து, பருமல் தோல் என்றைக்குக் கழற்றப்பட்டது என்பதை வைத்துத்தான் கொலை நாளைக் கணிக்க வேண்டும் என்று ஒரு கதை இருந்தால், அதை அவிழ்க்கக்கூடியவர் அவர்தான்.

பாய்மரக் கப்பல் காலத்துக் கொலைக் கதைகளைப் பற்றிப் பேசும்போது இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் கடல் நாவல் உண்டு. துப்பறியும் கதைக்கு நூற்று முப்பது ஆண்டு வயது. இரண்டும் ஒரே கப்பலில் ஏறியதாக, நினைவில் நிற்கும்படியான ஒரு படைப்பு நமக்கு அமையவில்லை. நம் கடல் கதைகள் கப்பலை அரசன் போகும் வழியாகப் பார்த்தன. நம் கொலைக் கதைகள் வீட்டை விட்டு இறங்கவில்லை. கப்பல் என்பது மனிதர்கள் மாதக்கணக்கில் வேலை செய்து கிடக்கும் இடம் என்பதை இரண்டுமே போதிய அளவு கண்டுகொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

பிற மொழிகளில் இந்த வகை எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வில்லியம் கோல்டிங்கின் 'ரைட்ஸ் ஆஃப் பாசேஜ்' 1980இல் புக்கர் பரிசு பெற்றது. ஆஸ்திரேலியா செல்லும் கப்பலில் ஒரு பாதிரியார் இறந்துபோகிறார்; ஏன் இறந்தார் என்பதே நாவல். ஸ்டுவர்ட் டர்ட்டனின் 'தி டெவில் அண்ட் தி டார்க் வாட்டர்' (2020) 1634இல் பத்தாவியாவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் திரும்பும் டச்சுக் கப்பலில் நடக்கிறது. அதற்கு ஐந்தாண்டு முன்பு, 1629இல், 'பத்தாவியா' என்றே பெயர் கொண்ட டச்சுக் கம்பெனிக் கப்பல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் பாறையில் மோதி உடைந்தது. தீவுகளில் ஒதுங்கியவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரை யெரோனிமஸ் கொர்னெலிஸ் என்பவனின் கூட்டம் கொன்று தீர்த்தது. நிஜத்தில் நடந்த அந்தக் கொடுமைக்குப் பக்கத்தில் வைத்தால் டர்ட்டனின் பேய் மிரட்டல்கள் மெலிந்துதான் தெரிகின்றன.

இந்த வகையின் ஆகச் சிறந்த படைப்பு நாவலே அல்ல, ஒரு கணினி விளையாட்டு. லூகாஸ் போப் 2018இல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. ஆளில்லாமல் 1807இல் துறைமுகம் திரும்பிய ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல். அதிலிருந்த அறுபது பேரும் என்னவானார்கள் என்று நாம் கண்டறிய வேண்டும். யார் எந்தக் கருவியைப் பிடித்திருக்கிறார், யார் பேச்சில் எந்த ஊர் வாடை, தூங்குவலையில் என்ன எண் என்பவைதான் தடயங்கள். வலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்களையும் காலணிகளையும் பார்த்துச் சில மாலுமிகளை அடையாளம் காண வேண்டியிருக்கும். காலணியைத் தைத்தே வாழும் ஓர் ஊருக்கு இதைவிட நெருக்கமான துப்பு வேறென்ன வேண்டும்? அமிதவ் கோஷின் 'சீ ஆஃப் பாப்பீஸ்' (2008) இன்னொரு பக்கத்தைத் திறந்தது. லஸ்கர் மாலுமிகளின் கலவை மொழியும் அவர்கள் தலைவனான செராங்கின் அதிகாரமும் இந்திய நாவலுக்குள் முழுதாக வந்தது அதில்தான். அதில் கொலைகளும் உண்டு. ஆனால் யார் செய்தார் என்ற மர்மம் இல்லை.

இனி தமிழ். பண்டித நடேச சாஸ்திரியின் 'தானவன்' 1894இல் வந்தது. அதற்குப் பின் வந்த கூட்டத்தில் நம் வேலூர் வட்டாரத்துக்காரர் ஒருவருக்குப் பெரிய இடம் உண்டு. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்து ஆரணியைச் சேர்ந்த குப்புசாமி முதலியார், நாகவேடு முனுசாமி முதலியார் 1915இல் தொடங்கிய 'ஆனந்தபோதினி' இதழின் ஆசிரியராக இருந்தவர். ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸின் லண்டன் மர்மங்களை 'இரத்தினபுரி இரகசியம்' ஆக்கினார். 'மஞ்சள் அறையின் மர்மம்' வழியாகப் பூட்டிய அறைக் கொலைப் புதிரைத் தமிழ் வாசகருக்குத் தந்தவரும் அவரே. பூட்டிய அறையிலிருந்து கப்பல் ஒரே எட்டுதான். சுற்றிலும் தண்ணீர், உள்ளே வந்தவர் வெளியே போக வழியில்லை, எல்லோரும் ஒரே உணவும் ஒரே குடிநீரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அந்த ஓர் எட்டை அந்தத் தலைமுறை வைக்கவில்லை. வைத்திருக்கவும் முடியாதுதான். ஆரணியாருக்கும் அவர் காலத்து நாவலாசிரியர்களான வடுவூர் துரைசாமி ஐயங்காருக்கும் ரங்கராஜுவுக்கும் எரிந்துகொண்டிருந்த கேள்விகள் வீட்டுக்குள் இருந்தன: விதவைகள், சொத்து, தாசி வீடு, மாமியார் கொடுமை. அவர்களுடைய துப்பறிவாளர் குடும்பத்தின் மூடிய கதவைத் தட்டினார். அது அந்தக் காலத்துக்கு மிகத் தேவையான வேலை.

பின்னால் தமிழ்வாணனின் சங்கர்லால் உலகமெல்லாம் பறந்தார். ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் சுபாவும் மாத நாவல்களால் ரயில் நிலையக் கடைகளை நிறைத்தார்கள். காட்பாடி ஜங்ஷனில் வாங்கினால் சென்னை சேர்வதற்குள் படித்து முடித்துவிடலாம். வேகம் அவற்றின் பலம். மாதக்கணக்கில் நகரும் பாய்மரக் கப்பலுக்கு அந்த வேகம் ஒத்துவராது. சுஜாதா மட்டும் 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை'யில் தன் கணேஷையும் வசந்தையும் ராஜராஜன் காலத்துக்கு அனுப்பி, சரித்திரமும் துப்பறிதலும் ஒத்துப்போகும் என்று நிரூபித்தார். அவர் அந்த வழியில் இன்னும் நடந்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். கடற்பயண யுகத்துக் கப்பல் கொலைகளில் தமிழ்ச் சிறுவர்கள் நன்கறிந்தது எதுவென்றால், ராணி காமிக்ஸ் மாயாவியின் பூர்வ கதைதான். 1536இல் கடற்கொள்ளையர் கப்பலில் ஏறித் தந்தையைக் கொல்கிறார்கள். கரையொதுங்கிய மகன், தந்தையின் உடையை அணிந்த ஒரு பிணத்தைக் கண்டு அவனே கொலையாளி என்று உணர்கிறான். உடை காட்டிக் கொடுக்கிறது. சிறிய கதைதான், ஆனால் துப்பு சுத்தமானது.

கடல் நாவல்கள் பக்கம் வந்தால் கல்கியிடம்தான் தொடங்க வேண்டும். 'பொன்னியின் செல்வன்' அடிப்படையில் ஒரு கொலை மர்மம். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதை கல்கி திட்டமாகச் சொல்லவில்லை. உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் சொல்லியும் அவர்களுக்குப் பின்னால் இருந்தவர் யார் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அதே நாவலில் கடலும் கப்பலும் உண்டு. அரபு மாலுமிகள் கைப்பற்றிய மரக்கலத்தில் வந்தியத்தேவன் சிக்கிக்கொள்ள, சுழிக்காற்றில் அது இடிவிழுந்து எரிகிறது. வாணர்களின் தலைநகராகச் சொல்லப்படும் திருவல்லம் காட்பாடிக்குப் பக்கம் என்பதால், வந்தியத்தேவனை நம் பாலாற்றங்கரை ஆளாக எண்ணும் வாசகர் இங்கே நிறைய. ஆனால் கவனியுங்கள்: கொலை கடம்பூர் மாளிகையில், புயல் கடலில். கல்கி இரண்டையும் தனித்தனியே வைத்துவிட்டார்.

சாண்டில்யனின் 'கடல் புறா' வாசகருக்குக் கப்பலைக் காதலிக்கக் கற்றுத் தந்தது. துப்பறியும் கதைக்கு நெருங்கி வருவது அவருடைய 'ஜலதீபம்'. மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயின் காலம், ஐரோப்பியக் கப்பல்கள் திரியும் மேற்குக் கடல். காணாமற்போன அரச வாரிசைத் தேடித் தஞ்சையிலிருந்து இதயசந்திரன் வருகிறான். தொடக்கம் அருமையான விசாரணைத் தொடக்கம். காதலும் போரும் ஏறி உட்கார்ந்ததும் தேடல் ஒதுங்கிவிடுகிறது. பிரபஞ்சன் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து 'மானுடம் வெல்லும்' எழுதினார். 1736 முதல் எழுதப்பட்ட அந்தக் குறிப்புகளில் கப்பல் வந்ததும் போனதும் சரக்கும் வதந்தியும் நாள்தோறும் பதிவாகியிருக்கின்றன. ஒரு குற்ற நாவலுக்குப் போதிய சான்றுகள் அவற்றில் அப்படியே கிடக்கின்றன.

வேலை நடக்கும் இடமாகக் கப்பலைக் கண்ட தமிழ் எழுத்தாளர்கள் இரண்டு பேர். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் (1972) புயலில் தோணி படும் பாட்டைப் படித்தவருக்கு அது மறக்காது. ஜோ டி குரூஸின் 'கொற்கை' (2009; சாகித்திய அகாதெமி விருது 2013) தூத்துக்குடித் தோணிகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் சொல்வது. அணியத்தில் நிற்பவர் யார், அமரத்தில் நிற்பவர் யார், தோணித் தலைவனான தண்டலின் சொல்லுக்கு எங்கே எல்லை, எந்தச் சரக்கு எப்படி அடுக்கினால் தோணி சாயும் என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. கப்பல் கொலை நாவல் தமிழில் வரும்போது அது சாண்டில்யனின் வழியில் அல்ல, இவர்களுடைய வழியில்தான் வரும். ஏனென்றால் கடலில் நடக்கும் குற்றத்தை வேலை தெரிந்தவரே படிக்க முடியும். ஒரு முடிச்சு எப்படிப் போடப்பட்டிருக்கிறது, தண்ணீர்ப் பீப்பாயின் வாய் எந்தக் கையால் திறக்கப்பட்டது, தோல் வாளி ஏன் காய்ந்திருக்கிறது என்பதெல்லாம் மேல்தள அறையில் இருப்பவர் பார்வைக்குப் படுபவை அல்ல.

இதற்கு நம் கடற்கரையை ஒட்டியே ஒரு நிஜ வழக்கு இருக்கிறது. இந்தியாவிலிருந்து திரும்பிய 'வொர்செஸ்டர்' என்ற ஆங்கிலக் கப்பல் 1704இல் ஸ்காட்லாந்துக் கரையில் ஒதுங்கியது. தன் கப்பலொன்றை லண்டனில் பறிகொடுத்திருந்த ஸ்காட்லாந்துக் கம்பெனி, பதிலடியாக இதைப் பிடித்துவைத்தது. மாலுமிகள் குடித்துவிட்டுப் பேசியவை ஊருக்குள் பரவின. மலபார் கடலில் ஒரு கப்பலைத் தாக்கி அதிலிருந்தவர்களை வெட்டிக் கடலில் எறிந்ததாகப் பேச்சு. அந்தக் கப்பல் ராபர்ட் டிரம்மண்டின் 'ஸ்பீடி ரிட்டர்ன்'தான் என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் முடிவு கட்டினார்கள். 1705 மார்ச்சில் எடின்பரோவில் விசாரணை. முக்கியச் சாட்சி அந்தோனியோ ஃபெர்டினாண்டோ, மலபார் பக்கத்தில் கப்பலேறிய இந்தியர், சமையற்காரரின் உதவியாள். துபாஷி வைத்து அவரிடம் கேட்டார்கள். தெல்லிச்சேரிக்கும் கள்ளிக்கோட்டைக்கும் இடையில் சண்டை நடந்ததையும் கோடாரியால் வெட்டியதையும் பார்த்ததாகச் சொன்னார். கப்பல் சர்ஜன் சார்லஸ் மே, தான் கரையில் இருந்தபோது பீரங்கிச் சத்தம் கேட்டதாகச் சொன்னார். கேப்டன் தாமஸ் கிரீனும் இன்னும் இரண்டு பேரும் 1705 ஏப்ரல் 11 அன்று லீத் மணற்கரையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

தூக்குக்கு முன்பே, போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் 'ஸ்பீடி ரிட்டர்ன்' மாலுமிகள் இரண்டு பேர் சத்தியப் பிரமாணம் கொடுத்திருந்தார்கள். தங்கள் கப்பலை மடகாஸ்கரில் கடற்கொள்ளையர் பிடித்தார்கள் என்றும் கிரீனுக்கு அதில் பங்கில்லை என்றும் அது சொன்னது. எடின்பரோ மக்களின் கோபம் அதைக் கேட்கவிடவில்லை. ராபர்ட் ட்ரூரியின் பெயரில் 1729இல் வந்த நூல், டிரம்மண்ட் என்ற கேப்டன் மடகாஸ்கரில் உயிரோடு வாழ்ந்ததாகவே சொல்கிறது. அப்படியானால் ஃபெர்டினாண்டோ எதைப் பார்த்தார்? வேறொரு கப்பல் மீதான நிஜமான கொலையையா? மிரட்டிச் சொல்லவைக்கப்பட்டாரா? அவருடைய சொல்லைத் துபாஷி தன் விருப்பப்படி நிமிர்த்தினாரா? மூன்று வெள்ளையர் உயிர், ஒரு சமையல் உதவியாளின் நாவில் தொங்கிய நாள் அது. இந்தக் கதையை ஆங்கிலத்தில் வரலாறாக எழுதினார்கள், இங்கிலாந்து–ஸ்காட்லாந்து இணைப்புக்கு முந்திய பகையின் கிளைக்கதையாக எழுதினார்கள். ஃபெர்டினாண்டோவை நடுவில் வைத்து எழுத வேண்டியது நம் பக்கத்து எழுத்தாளரின் பொறுப்பு என்று நினைக்கிறேன்.

கடலில்லாத வேலூருக்கும் கப்பல் கதை உண்டு. 1806 ஜூலை 10 கிளர்ச்சிக்குப் பிறகு திப்புவின் குடும்பத்தாரைக் கோட்டையிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். பத்தாண்டு கழித்து அதே கோட்டைக்குக் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் கொண்டுவரப்பட்டார். 1816 ஜனவரி 24 அன்று கொழும்பில் 'கார்ன்வாலிஸ்' போர்க்கப்பலில் அவரையும் ராணிகளையும் உறவினரையும் ஏற்றினார்கள். உடன் வந்த வில்லியம் கிரான்வில் என்ற அதிகாரி அந்தப் பயணத்தைக் குறிப்பாக எழுதிவைத்தார். சென்னையில் இறங்கி, சாலை வழியாக வேலூர். 1832இல் இறக்கும்வரை அரசர் இங்கேதான் இருந்தார். பாலாற்றங்கரையில் இன்று அவருக்கு முத்துமண்டபம் இருக்கிறது.

அந்தக் கப்பலில் கொலை நடக்கவில்லை. கொலை அதற்கு முன்பே, 1814இல் கண்டியில் நடந்திருந்தது. தன்னை எதிர்த்த அமைச்சர் எஹெலபொலவின் மனைவியையும் குழந்தைகளையும் அரசர் கொல்லச் செய்தார். அந்தப் பழியே பிரிட்டிஷார் கண்டிக்குள் நுழையக் காட்டிய காரணங்களில் ஒன்று. எஹெலபொலவையும் பின்னர் அவர்களே சந்தேகித்து 1825இல் மொரிஷியஸுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கேயே 1829இல் இறந்தார். குற்றம் கண்டியில், விசாரணை கப்பலில் என்று ஒரு நாவல் அமையலாம். மூடிய அறைக்குள் ஓர் அரசர், வெளியே காவல், கேள்வி கேட்கும் ஆங்கில அதிகாரி. நாயக்கர் வழிவந்த அரசரின் பேச்சை அதிகாரிக்குச் சொல்லவும் அதிகாரியின் கேள்வியை அரசருக்குச் சொல்லவும் நடுவில் ஒரு துபாஷி. அதை எழுதுபவர் கிரான்வில்லின் குறிப்பிலிருந்து தொடங்கலாம். ஆனால் கதையை அந்தத் துபாஷியின் வாயால் சொல்ல வேண்டும்; இரண்டு பக்கமும் என்ன சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பது கப்பலில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும்.