பசுந்தேயிலை விலைப் பகிர்வு முறை: ஒரு மதிப்பீடு

பசுந்தேயிலை விலைப் பகிர்வு முறை என்பது, கோத்தகிரி, குன்னூர் உள்ளிட்ட நீலகிரிப் பகுதிகளின் சிறு விவசாயிகளுக்குத் தேயிலைத் தொழிற்சாலைகள் தர வேண்டிய குறைந்தபட்ச விலையைக் கணக்கிடும் முறையாகும். 2003ஆம் ஆண்டுத் தேயிலை (சந்தைப்படுத்தல்) கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் தேயிலை வாரியம் இவ்விலையை மாதந்தோறும் அறிவிக்கிறது.

கணக்கிடும் விதம்

தேயிலைத்தூளின் ஏலச் சராசரி விலையில் விவசாயிக்கு 65 விழுக்காடும் தொழிற்சாலைக்கு 35 விழுக்காடும் உரியவை. ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரை கிலோ இலை தேவை. எடுத்துக்காட்டாக, தூளின் சராசரி விலை 100 ரூபாய் எனில், விவசாயியின் பங்கான 65 ரூபாயை 4.5ஆல் வகுக்க, இலைக்குக் கிலோ 14 ரூபாய் 44 காசு வரும்.

நிறைகள்

விலை ஏலத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால் தொழிற்சாலை தன் விருப்பம்போல் விலையைக் குறைக்க இயலாது. கணக்கும் எளிது, விவசாயியே சரிபார்க்கலாம்.

குறைகள்

இம்முறை வரவைப் பங்கிடுகிறதே தவிர, செலவைக் கருதுவதில்லை. ஏல விலை சரிந்தாலும் உரச்செலவும் பறிப்புக் கூலியும் குறைவதில்லை. 2023இல் கோத்தகிரிப் பகுதி விவசாயிகள் கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டு உண்ணாவிரதம் இருந்ததற்கு இந்த இடைவெளியே காரணம்.

மேலும், சராசரி என்பது தரத்தை மறைக்கும். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் பறித்தவருக்கும் முற்றிய இலை கொடுத்தவருக்கும் குறைந்தபட்ச விலை ஒன்றே. இதனால் தரமான பறிப்புக்கு ஊக்கம் குறைகிறது. தூளின் தரம் தாழ்ந்தால் ஏல விலையும் தாழும். அது மீண்டும் இலை விலையைக் குறைக்கும்.

மதிப்பீடு

நியாயமான பங்கு வேறு, கட்டுப்படியாகும் விலை வேறு. இம்முறை முதலாவதற்கு மட்டுமே விடை தருகிறது. தரத்துக்கேற்ற விலையும் உற்பத்திச் செலவும் கணக்கில் சேரும்போதே இது முழுமை பெறும்.