ஓர் அளவுகோலின் குறை

சாமுவேல் ஹண்டிங்டன் 1991இல் வெளியிட்ட 'மூன்றாம் அலை' என்னும் நூலில், சனநாயகம் வேரூன்றியதை அறிய ஓர் அளவுகோலை வகுத்தார். தேர்தலில் தோற்றோர் வென்றோரிடம் ஆட்சியை ஒப்படைத்தல் இருமுறை நிகழ வேண்டும் என்பதே அது. மேற்கு ஆபிரிக்காவிலே கானா 2000இலும் 2008இலும் இதில் தேறியது. ஆயின், இலங்கையை நோக்குமிடத்து இவ்வளவுகோல் வலுவிழக்கின்றது. 1956 முதல் 1977 வரை பொதுத்தேர்தல்தோறும் ஆட்சியை மாற்றிய நாடே, 1982இல் சர்வசன வாக்கெடுப்பின் மூலம் பொதுத்தேர்தலைத் தவிர்த்தது.

திருகோணமலையிலிருந்து இயங்கிய கிழக்கு மாகாண சபையின் வரலாறு இக்குறையை மேலும் புலப்படுத்தும். 2012 தேர்தலில் 37 ஆசனங்களில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. 14 ஆசனங்களைப் பெற்ற ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு, 7 பெற்ற முஸ்லிம் காங்கிரஸின் துணையுடன் ஆட்சியமைத்தது. 2015இல் முதலமைச்சர் பதவி முஸ்லிம் காங்கிரஸைச் சேர, 11 ஆசனங்களையுடைய தமிழரசுக் கட்சியும் அமைச்சரவையில் இடம்பெற்றது. இதனைப் பதவிப் பேரம் எனப் பழித்தோரும் உளர். பேரமின்றி அமைந்த கூட்டரசாங்கம் எங்குளது? மூவினத்தாரும் வாழும் மாகாணத்திலே அப்பேரமே சனநாயகப் பயிற்சியாயிற்று.

2017 செப்டெம்பரில் சபையின் காலம் முடிந்தது. புதிய தேர்தல் முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கை, 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்திலே ஆதரவாக ஒரு வாக்கேனும் பெறாது தோற்றது. 2024 முடியும்வரை மாகாணத் தேர்தல் நடைபெறவில்லை, ஆளுநர்களே நிருவகித்தனர். இடையில் 2019இலும் 2024இலும் சனாதிபதி பதவி தேர்தலால் கைமாறியது. ஹண்டிங்டனின் கணக்கில் நாடு மீண்டும் தேறிற்று. மூதூரிலும் கிண்ணியாவிலும் மாகாண வாக்குச்சீட்டைக் காணாத ஏழாண்டுகளுக்கு அக்கணக்கில் இடமில்லை.