இரைச்சலும் சாகித்தியமும்

புரியாத பாஷையில் பாடுகிறவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெலுங்குக் கீர்த்தனங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு, பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமலே கண் கலங்கியவர்கள் நாம். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய காலத்தில், "ராகம் இருக்கும்போது பாஷை எதற்கு?" என்று ஒரு கட்சியும், "சொந்த பாஷையில் பாடாத பாட்டு நெஞ்சில் எப்படி இறங்கும்?" என்று மற்றொரு கட்சியும் சண்டை போட்டுக்கொண்டன. அந்தச் சண்டை ஓய்ந்துவிட்டது என்பது பலருடைய எண்ணம். பெங்களூரில் ஒரு பாரின் மாடியில், செவிப்பறை கிழிகிற சத்தத்துக்கு நடுவில், அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அங்கே என்னை அழைத்துப் போனவன் என் தமக்கை மகன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை; ஹெவி மெட்டல் என்ற சங்கீதத்தில் பைத்தியம். "மாமா, சங்கீதத்தைப் பத்தி இவ்வளவு எழுதறீங்களே, இதையும் ஒரு தரம் கேட்டுட்டு எழுதுங்க. உள்ளூர்ப் பசங்கதான். மூணு கோஷ்டி" என்றான். காதில் செருகிக்கொள்ள நுரை ரப்பரில் செய்த இரண்டு அடைப்பான்களையும் கையில் கொடுத்தான். கேட்க வருகிறவனுக்குக் காதை அடைத்துக்கொள்ள வழி செய்து கொடுக்கும் நாகரிகம் எனக்குப் பிடித்திருந்தது. நம் சபாக்கள் சிலவற்றிலும் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

இந்தச் சங்கீதத்தின் பிறப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்ற தொழிற்சாலை நகரம். அதில் ஆஸ்டன் என்ற தொழிலாளர் பேட்டை. டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் தகடு வேலை செய்யும் ஆலை ஒன்றில் இருந்தான். 1965-இல், வேலையை விட்டு நிற்கப் போகும் கடைசி நாளன்று, இயந்திரம் அவனுடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளைக் கொண்டு போய்விட்டது. அவன் இடது கைக்காரன். கிதாரில் தந்தியை அழுத்த வேண்டிய விரல்கள் அவை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டான்; மெல்லிய தந்திகளைப் போட்டான்; பிற்பாடு சுருதியையும் கீழே இறக்கித் தந்தியைத் தளர்த்திக்கொண்டான். இப்படிப் பிறந்த கனத்த, கீழ்ஸ்தாயி நாதத்தோடு 'பிளாக் ஸாபத்' என்ற அவனுடைய கோஷ்டியின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13-இல் வெளிவந்தது. 2025 ஜூலை 5-இல் அந்தக் கோஷ்டி தன் கடைசிக் கச்சேரியை அதே ஆஸ்டனிலுள்ள வில்லா பார்க் மைதானத்தில் நடத்தி முடித்தது. புறப்பட்ட பேட்டையிலேயே வந்து முடித்தார்கள்.

அந்த முதல் தட்டின் முதல் பாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. ஆதார ஸ்வரத்திலிருந்து பிரதி மத்தியமத்துக்குத் தாவுகிற இடைவெளிதான் அதன் உயிர். ஐரோப்பியர்கள் அந்த இடைவெளிக்குப் பிசாசின் பெயரை வைத்திருந்தார்கள். நமக்கோ எழுபத்திரண்டு மேளங்களில் சரிபாதி பிரதி மத்தியமம். கல்யாணி அதில் சேர்ந்தவள். கல்யாண வீட்டில் நாகஸ்வரக்காரர் மங்களகரமாக வாசிக்கிற ஸ்வரத்தைக் கேட்டு ஒரு கண்டமே திகிலடைந்திருக்கிறது!

இனிக் கச்சேரிக்கு வருவோம். முதல் கோஷ்டி பிறருடைய பாட்டுகளையே வாசித்தது. 'அயர்ன் மெய்டன்' 2007 மார்ச்சில் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வந்து வாசித்தது. 'மெட்டாலிகா' 2011 அக்டோபரில் வந்தது. அந்த இரண்டு இரவுகளின் எதிரொலி இன்னும் இந்த ஊர்ப் பையன்கள் விரலில் இருக்கிறது. பிசகில்லாமல் வாசித்தார்கள். குருவைப் போலவே இருமுகிற சிஷ்யனைப் பார்த்த மாதிரி இருந்தது. வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டாவது கோஷ்டி சொந்தப் பாட்டுகளோடு வந்தது. அதன் டிரம் வாசித்த பையனைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். பெரிய டிரம்மை இரண்டு மிதிகள் வைத்து இரண்டு காலாலும் உதைக்கிறான். கைகள் வேறு கணக்கு. ஏழும் ஒன்பதுமாகப் பிரித்துக்கொண்டு போய் எல்லோரும் ஒரே புள்ளியில் வந்து விழுகிறார்கள். தனியாவர்த்தனத்தில் தீர்மானம் விழும்போது நம் சபையில் ஓர் 'ஆகா' எழும் அல்லவா? இங்கே ஐம்பது தலைகள் ஒன்றாகக் குனிந்து நிமிர்ந்தன. சாதகம் இல்லாமல் இது வராது. இதை வெறும் இரைச்சல் என்பவர்கள், கணக்கில் காது வைத்து ஒரு தரம் கேட்க வேண்டும்.

ஆனால் அவர்கள் பாடியது என்ன? குரலிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. குரல்நாண்களுக்கு மேலேயுள்ள மடிப்புகளை அதிரவிட்டு உறுமுகிற பாணி அது. மருமகன் தன் டெலிபோனில் பாட்டின் வரிகளை எடுத்துக் காட்டினான். இங்கிலீஷ். பனிமலை, உறைந்த கடல், கோடரி தாங்கிய வடதேச வீரர்கள். பாடிய பையனுக்கு நெற்றியில் விபூதிக் கீற்று. கண்ணால் கண்ட பனி, குளிர்சாதனப் பெட்டிக்குள் இருப்பதாகத்தான் இருக்கும். எனக்கு வருத்தமாக இருந்தது. ஆலைச் சத்தத்தில் வளர்ந்தவன் ஆலைச் சத்தத்தைச் சங்கீதமாக்கினான். அவனிடமிருந்து சத்தத்தை வாங்கிக்கொண்டவர்கள், அவன் தன் தெருவைக் கேட்டான் என்ற விஷயத்தை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

இதைச் சொன்னதும் மருமகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இங்கிலீஷ்லே பாடினா என்ன மாமா? 1998-லே இதே ஊர்லே ஆரம்பிச்ச 'கிரிப்டோஸ்' இங்கிலீஷ்லே பாடித்தானே 2013-லே ஜெர்மனியிலே வாக்கன் திருவிழாவுக்குப் போச்சு?" என்றான். வாஸ்தவம். டில்லியிலிருந்து 'பிளடிவுட்' என்ற கோஷ்டி ஹிந்தியும் பஞ்சாபியும் கலந்து, டோலையும் சேர்த்து அடித்துக்கொண்டு, 2019-இல் அதே திருவிழாவுக்குப் போயிற்று. சிங்கப்பூரில் 'ருத்ரா' 1992 முதல் இருக்கிறது; தமிழர் தலைமையில் ஸம்ஸ்கிருத சுலோகத்தை உறுமுகிறது. ஆகவே எந்த பாஷை என்பது பற்றி நான் வழக்காட வரவில்லை. இங்கிலீஷிலே தன் தெருவைப் பாடட்டும், கேட்டுக்கொள்கிறேன். காணாத பனியில் நடுங்குகிறவனோடு சேர்ந்து நடுங்க என்னால் முடியாது.

மூன்றாவது கோஷ்டி வரும்போது மணி பத்துக்கு மேல். கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெங்களூரில் இத்தகைய இடங்களில் வாத்தியம் வாசிக்க 2005-இல் வந்த ஓர் உத்தரவின்படி தனி லைசென்ஸ் வேண்டும். உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் அது செல்லும் என்று சொன்ன பிறகு போலீஸ் கெடுபிடி அதிகமாகி, பல பார்களில் மேடையே மூடிக் கிடந்தது. இந்தப் பையன்களுக்கு மேடை கிடைப்பதே பெரிது. கிடைக்கிற பணம் வாத்தியம் தூக்கி வந்த வண்டிச் சத்தத்துக்குச் சரியாய்ப் போகும் என்றான் மருமகன்.

வித்தையில் இவர்கள் இரண்டாம் கோஷ்டிக்குக் கீழேதான். கிதார் ஓரிடத்தில் சுருதி விலகியது. பாடகனுக்கு மூச்சுப் போதவில்லை. ஆனால் மூன்றாவது பாட்டில் அந்த உறுமலுக்குள்ளிருந்து இரண்டு சொற்கள் என் காதில் வந்து விழுந்தன. ஒன்று 'கெரெ'. மற்றொன்று 'பெங்கி'. ஏரி, நெருப்பு. என் கன்னட ஞானம் அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது. பெங்களூரில் பெள்ளந்தூர் ஏரி என்று ஒன்று. சாக்கடையும் கழிவும் சேர்ந்து வெள்ளை நுரை பொங்கித் தெருவில் பறக்கும். 2015-இலும் 2017-இலும் அந்த ஏரி தீப்பற்றி எரிந்தது. 2018-இல் பற்றியபோது ராணுவம் வந்து அணைக்க வேண்டியிருந்தது. தண்ணீர் எரிந்த ஊர் அது. அதைப் பாட உறுமலைத் தவிர வேறு எந்தக் குரல் பொருந்தும்? பிலஹரியிலா பாடுவது?

அதுவரை முட்டி மோதிக்கொண்டிருந்த பையன்கள் (யாராவது விழுந்தால் நாலு பேர் கை கொடுத்துத் தூக்குகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்) சற்று நின்றுவிட்டார்கள். பிறகு 'பெங்கி' என்ற சொல் வரும்போதெல்லாம் கூடச் சேர்ந்து கத்தினார்கள். பக்கத்தில் பீர் எடுத்து வந்த சிப்பந்தியும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கத்தினான்.

கச்சேரி முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த பாடகனிடம் பேச்சுக் கொடுத்தேன். பெங்களூர்ப் பையன்களுக்கு வருகிற அந்தக் கலவைத் தமிழ் அவனுக்கும் வந்தது.

"ரெண்டு வார்த்தைதான் தம்பி எனக்குப் புரிஞ்சுது. மத்ததெல்லாம் யாருக்குக் கேட்கப் போகுதுன்னு அவ்வளவு எழுதினே?"

"எனக்குக் கேட்குதே சார். பொய்யா எழுதினா அந்தக் குரல் வர்றதில்லே. தொண்டைதான் போகும்."

தமிழ் இசைச் சண்டையில் இரண்டு கட்சிக்காரர்களும் கேட்கிறவனைப் பற்றியே பேசினார்கள். பாடுகிறவனுடைய தொண்டையைப் பற்றி யாராவது பேசியதாக எனக்கு ஞாபகமில்லை.

விமரிசகன் என்ற முறையில் ஒரு குறையும் சொல்லி வைத்தேன். ஏரிப் பாட்டில் நடுவே வருகிற மந்தமான பகுதி ரொம்ப நீளம், பாதியாகக் குறைக்கலாம் என்றேன். "டிரம் வாசிக்கிறவன் ஒத்துக்க மாட்டான் சார்" என்றான் அவன். "அவன் காலுக்கு ரெஸ்ட் கிடைக்கிற இடம் அது ஒண்ணுதான்."