நான்கு சிறகில் ஒரே கோடு

புனே அருகிலுள்ள கடக்வாஸ்லாவுக்கு வருகிறவர்கள் அணைநீரைப் பார்ப்பார்கள், பிறகு நிமிர்ந்து சிங்ககட் மலையைப் பார்ப்பார்கள். மழைக்காலம் ஓய்ந்ததும் அங்கே கருவேல மரங்களை ஒட்டி இரவு விளக்கெரியும் சுவர்களையும் பார்க்கச் சொல்வேன். ட்ராமிண்டா முண்டிஸ்ஸிமா என்ற அந்துப்பூச்சி அங்கே கண்ணில் படலாம். பிரான்சிஸ் வாக்கர் 1861-இல் விவரித்துப் பெயரிட்ட இனம் இது. சிறகு விரித்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம்தான். சில வெளிறிய பச்சை, சில வைக்கோல் நிறம். பலரும் தாண்டிப் போய்விடும் பூச்சி.

அருகில் போய்ப் பாருங்கள். முன்சிறகின் நுனியிலிருந்து மெல்லிய கோடு ஒன்று சாய்வாக இறங்குகிறது. சிறகின் உள்விளிம்போடு அது முடிய வேண்டும், முடிவதில்லை. அங்கேயே பின்சிறகு அதை வாங்கிக்கொண்டு, அதே சாய்வில், பிசிறில்லாமல் இழுத்துப் போகிறது. மறுபக்கமும் அப்படியே. நான்கு சிறகும் மறைந்து, நரம்போடிய ஓர் இலைதான் சுவரில் ஒட்டியிருக்கிறது. பின்சிறகின் வெளிவிளிம்பு நடுவில் சற்றே கூர்ந்து, அந்த இலைக்கு முனையும் வைத்துவிடுகிறது.

இதில் வியப்பு என்னவென்றால், நான்கு சிறகும் தனித்தனியே வளர்ந்தவை. கூட்டுப்புழுவுக்குள் முன்சிறகு பின்சிறகின் மேல் படிந்து கிடக்கும்போதே செதில்கள் உருவாகின்றன. பூச்சி வெளியே வந்து, சிறகை உலர்த்தி, முதன்முறை உட்காரும்போதுதான் இரண்டு துண்டுக் கோடுகளும் சந்திக்கின்றன. அந்துப்பூச்சிகளின் சிறகுக்கோலம் அவை ஓய்ந்திருக்கும் நிலைக்கென்றே பொருத்தப்பட்டிருப்பதை டச்சுப் பூச்சியியலாளர் ஊடெமன்ஸ் 1903-இல் விரிவாக எழுதினார். ஓய்வில் மூடிக்கிடக்கும் பகுதிக்கு இந்தக் கோலம் வருவதில்லை. வெளியே தெரியும் பகுதியில் மட்டும் அது தொடர்ந்து ஓடும்.

அருங்காட்சியகப் பெட்டியில் இந்த அழகு கிடைக்காது. ஊசியில் குத்திப் பதப்படுத்தும்போது பின்சிறகும் தெரிய வேண்டுமென்று முன்சிறகை மேலே தூக்கி நிறுத்துவார்கள். உடனே கோடு படிபோல உடைந்துவிடும். புனேயிலும் தக்காணத்திலும் சேகரித்துக் கர்னல் சார்ல்ஸ் ஸ்வின்ஹோ 1885-இல் எழுதியதைப் போன்ற பட்டியல்களுக்கு நாம் மிகவும் கடன்பட்டிருக்கிறோம். எது எந்த இனம் என்று அவைதான் சொல்லித் தந்தன. ஆனால் அந்தக் கோடு எதற்கென்று உயிரோடு உட்கார்ந்திருக்கும் பூச்சிதான் காட்டும்.

இதன் புழு கருவேல இலையைத் தின்று வளர்கிறது. மற்ற பல புழுக்களுக்கு வயிற்றடியில் ஐந்து இணைப் பொய்க்கால்கள் இருக்க, இந்தப் பூச்சியின் குடும்பத்துப் புழுக்களுக்குப் பின்முனையில் இரண்டே இணை. நடுவில் பிடிமானம் இல்லாததால் உடலைக் காவடிபோல வளைத்து வளைத்து நடக்கின்றன. அசைவு தெரிந்தால் பின்கால்களால் கிளையைப் பற்றி விறைத்து நின்று, தாமும் ஒரு சுள்ளியாகிவிடும்.

நம் ஏரிக்கரைகளிலும் கருவேலம் உண்டு. இந்தியா, இலங்கை முழுவதும் பரவிய பூச்சி இது. பார்த்தால் பிடிக்க வேண்டாம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, இரண்டு சிறகும் சேரும் இடத்தில் கோடு எப்படிக் கடந்து போகிறது என்று பாருங்கள். அந்த இணைப்பில்தான் இதன் அழகு முழுவதும் இருக்கிறது.