சக்கரத்தில் ஒளிந்த எண்

ஃப்ராங்க் ஹெர்பெர்ட்டின் ‘டூன்’ நாவலைப் பலகை விளையாட்டாக்கி 1979இல் வெளியிட்டது அவலான் ஹில். ‘காஸ்மிக் என்கவுன்டர்’ விளையாட்டை உருவாக்கிய வடிவமைப்பாளர் கூட்டணியின் கைவண்ணம். ஆறு பேர் சேர்ந்தால்தான் களைகட்டும். வாங்கியவர்களின் நிரந்தரத் தலைவலியும் அதுதான்.

இதில் பகடை கிடையாது. சண்டை என்றால், இருவரும் ஆளுக்கொரு அட்டைச் சக்கரத்தை மறைவாகத் திருகி ஓர் எண்ணை வைக்கிறார்கள். எத்தனை வீரர்களைப் பலிகொடுக்கத் தயார் என்பதே அந்த எண். கூடவே ஒரு தளபதி, ஆயுதம், தற்காப்பு. இருவரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். ஜெயித்தவரும் வைத்த எண்ணிக்கையை இழப்பார். வலுவான தளபதியை இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தால், எதிராளி சாவகாசமாக ஒரு சீட்டைப் போடுவார்: அந்தத் தளபதி ஆரம்பத்திலிருந்தே அவருடைய கையாள்!

ஆட்டத்திலுள்ள அணிகளில் பெனி ஜெசரிட் இன்னும் மோசம். யார், எந்தச் சுற்றில் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே ரகசியமாகக் குறித்துவைக்கும். பலித்தால் வெற்றி அதற்கே. தோள்கொடுக்கிறவர் குழிபறிக்கிறாரா என்பது கடைசிவரை தெரியாது. இதைவிடப் பொல்லாத விதியை நான் பார்த்ததில்லை.

பல ஆண்டுகள் அச்சில் இல்லாதபோது ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. வரைபடத்தையும் சீட்டுகளையும் தாங்களே வரைந்து, அச்சடித்து, வெட்டி ஒட்டி ஆடினார்கள். 2012இல் இதன் விதிகளைத் தழுவி, வேறு விண்வெளிக் கதையோடு ‘ரெக்ஸ்’ வந்தது. 2019இல் கேல் ஃபோர்ஸ் நைன் ‘டூன்’ பெயரிலேயே மறுபதிப்புக் கொண்டுவந்தது. ஆனாலும் பழைய பெட்டிக்கு அலைகிறவர்கள் அலைந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பெட்டியின் மூலை கிழிந்திருந்தால் பரவாயில்லை, சீட்டு ஒன்றுகூடக் குறையக் கூடாது.