வில்மாவுக்கு வைத்த தேர்வு

1946இல் வெளிவந்து சிறந்த படம் உட்பட ஏழு ஆஸ்கர் விருதுகளை வாங்கிய 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காட்சியில் வந்து நின்றுவிடுகிறார்கள். போரில் இரண்டு கைகளையும் இழந்த ஹோமர், தன்னைக் காதலிக்கும் பக்கத்து வீட்டு வில்மாவை இரவில் தன் அறைக்கு அழைத்துப் போகிறான். தோள்பட்டையில் மாட்டிய வார்களோடு இரும்புக் கொக்கிகளையும் கழற்றிக் கட்டிலில் போடுகிறான். இதைத் திரும்ப மாட்ட யாரையாவது கூப்பிட வேண்டும், கதவு சாத்திக்கொண்டால் திறக்க முடியாது என்கிறான். வில்மா முகம் சுளிக்கவில்லை. அவன் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிடுகிறாள், போர்வையை இழுத்துவிடுகிறாள், முத்தமிடுகிறாள். காதலின் உச்சம் என்று இந்தக் காட்சியைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு இது நேர்முகத் தேர்வாகத்தான் தெரிகிறது. தேர்வு எழுதியவள் வில்மா.

அதற்கு முன்பு ஒவ்வோர் இரவும் அவனைப் படுக்க வைப்பது அவன் அப்பா. அதையும் படம் ஒரு காட்சியில், ஏறக்குறைய பேச்சே இல்லாமல் காட்டுகிறது. கொக்கிக் காட்சியைவிட அது நேர்மையானது என்பேன். அப்பாவின் வேலை வில்மாவிடம் கைமாறுகிறது, கைமாறிய பிறகு கல்யாணம் நடக்கிறது. படத்தின் மற்றப் பெண்களும் இதே தராசில்தான் நிறுக்கப்படுகிறார்கள். விமானப்படையிலிருந்து திரும்பிய ஃப்ரெட், கனவில் அலறும்போது தேற்றும் பெகி நல்லவள். அந்தக் கனவுகளை விட்டுத் தொலை என்று சலித்துக்கொள்ளும் அவன் மனைவி மேரி கெட்டவள். போர்க்காலத்தில் தன் சம்பாத்தியத்தில் வாழ்ந்த பெண் அவள். அந்தக் கனவுகளோடு ஒரே கட்டிலில் படுக்க வேண்டியிருந்த அவளிடம் படம் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

இயக்குநர் வில்லியம் வைலர் செய்த ஒரு மாற்றம் இன்னும் கவனிக்கத்தக்கது. படத்துக்கு மூலமான மெக்கின்லே கேன்டரின் கதையில் ஹோமருக்குக் கைகள் உண்டு. மூளையில் பட்ட காயத்தால் உடல் இழுத்துக்கொள்ளும், கை கால் சொன்னபடி கேட்காது. ராணுவத்துக்காக எடுத்த ஓர் ஆவணப்படத்தில் ஹரால்ட் ரஸ்ஸலைப் பார்த்த பிறகு வைலர் பாத்திரத்தை மாற்றினார். ரஸ்ஸல் நடிகரில்லை. 1944 ஜூன் 6 அன்று, பயிற்சி முகாமில் வெடிமருந்து வெடித்து இரு கைகளையும் இழந்தவர். கொக்கியால் தீக்குச்சி கிழிக்கிறார், பியானோ வாசிக்கிறார். திரையில் பார்க்கத் தாங்கக்கூடிய ஊனம் இது. கேன்டரின் ஹோமருக்குத் தேவைப்பட்டிருக்கக்கூடிய பராமரிப்பை ஒரு முத்தத்தில் முடித்திருக்க முடியாது.

இந்த இடத்தில்தான் எனக்கு அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் விதிகள் நினைவுக்கு வருகின்றன. யாருக்கு நீண்டகாலப் பராமரிப்பு கிடைக்கும் என்பதை அந்நாடு சதவீதத்தில் எழுதிவைத்திருக்கிறது. 1999இல் வந்த சட்டத்தின்படி, படைப்பணியால் ஏற்பட்ட ஊனம் 70 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது அந்த ஊனத்துக்காகவே தேவைப்பட்டால், பராமரிப்பு இல்லத்தில் இடம் தர அரசு கடமைப்பட்டது. மற்றவர்களுக்கு இடமும் நிதியும் இருப்பதைப் பொறுத்து. வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்கு மாதாமாதம் உதவித்தொகை தரும் திட்டம் 2010இல்தான் சட்டமானது. அதுவும் 2001 செப்டம்பர் 11க்குப் பிந்தைய வீரர்களின் குடும்பங்களுக்கு மட்டும். 2018இல் சட்டத்தைத் திருத்தி, எல்லாக் காலத்து வீரர்களுக்கும் அது எட்டியபோது 2022 அக்டோபர் ஆகிவிட்டது. வியட்நாம் வீரர்களின் மனைவிகளுக்கு அதற்குள் முதுமை வந்துவிட்டது. இரண்டாம் உலகப்போர் வீரர்களின் மனைவிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

2020இல் எழுதப்பட்ட விதியில் ஒரு சொற்றொடரைப் படித்ததும் திரும்பவும் ஹோமரின் அறைக்குப் போனேன். உடுத்துவது, குளிப்பது, உண்பது, செயற்கை உறுப்பைப் பொருத்துவது போன்ற அன்றாடச் செயல்களில் ஒன்றுக்காவது, அதைச் செய்யும் 'ஒவ்வொரு முறையும்' இன்னொருவர் உதவி தேவைப்பட வேண்டும். மனநலம், நினைவு சார்ந்த சிக்கல்களுக்குத் தனி வழி உண்டு. உடலை மட்டும் வைத்துப் பார்த்தால் திரைப்பட ஹோமர் தேறிவிடுவான். இரு கைகளும் போனால் 100 சதவீதம். கொக்கியை மாட்ட ஒவ்வொரு முறையும் ஆள் வேண்டும். கேன்டரின் ஹோமர்தான் மாட்டிக்கொள்வான். ஒருநாள் தானே சட்டை போட்டுக்கொள்வான், மறுநாள் கரண்டியைப் பிடிக்க முடியாது. அவனைப் பார்த்துக்கொள்கிறவளுக்கோ அந்த நல்ல நாளிலும் விடுமுறை இல்லை. இன்று எந்த நாள் என்று தெரியாமல் காலையிலிருந்து காத்திருப்பதே அவள் வேலை. அந்தக் காத்திருப்புக்கு விதியில் பெயரில்லை.

திட்டத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். உதவித்தொகை உண்டு, மருத்துவக் காப்பீடு இல்லாத பராமரிப்பாளருக்குக் காப்பீடு உண்டு, ஆண்டுக்குக் குறைந்தது 30 நாள் மாற்று ஏற்பாடும் உண்டு. நம் பக்கம் 'பணிவிடை' என்ற ஒரே சொல்லில் மூடிவைத்திருக்கும் வேலைக்கு அங்கே தொகை என்று ஒன்று எழுதியிருப்பதே பெரிது. ஆனால் அதே சட்டம் இது வேலைவாய்ப்பு உறவு ஆகாது என்றும் சொல்லிவைக்கிறது. தொகையை மத்திய அரசின் கடைநிலை எழுத்தர் மட்டத்துச் சம்பள விகிதத்தை வைத்துக் கணக்கிடுவார்கள், சம்பளம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். சம்பளம் இல்லையென்றால் முதுமைக்கான சமூகப் பாதுகாப்புக் கணக்கில் அந்த ஆண்டுகள் ஏறாது. வீரர் இறந்துபோனால் தொகை 90 நாள் தொடரும், பிறகு நிற்கும். பத்துப் பதினைந்து ஆண்டு தூக்கிக் கிடத்தி முதுகு போனவள் தன் கணக்கைத் திறந்து பார்த்தால், அந்த ஆண்டுகள் வெற்றாக இருக்கும்.

பெண்ணே வீரராக இருந்தால் வேறு கதை. படத்தின் தொடக்கத்தில் நாயகர்கள் மூவரும் ஒரு பி-17 குண்டுவீச்சு விமானத்தின் மூக்கில் உட்கார்ந்து ஊர் திரும்புகிறார்கள். அந்த விமானத்தையும் ஓட்டிய 'வாஸ்ப்' பெண் விமானிகள் ஆயிரத்துக்கு மேல், இறந்தவர்கள் 38 பேர். அவர்கள் முன்னாள் படைவீரர்கள்தான் என்று சட்டம் ஒப்புக்கொண்டது 1977இல். அதுவரை அவர்களுக்குச் சதவீதம் கணக்கிடும் மேசைக்கு முன்னால் நிற்கவே தகுதியில்லை.

வைலரின் படம் கல்யாணத்தோடு முடிகிறது. ஹோமர் கொக்கியால் மோதிரத்தைப் பிடித்து வில்மாவின் விரலில் மாட்டுகிறான். அடுத்த நாள் காலை அந்த வார்களை யார் மாட்டிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் காட்ட வேண்டியதில்லை. ஹோமராக நடித்த ரஸ்ஸலுக்கு அந்த ஒரே பாத்திரத்துக்காக இரண்டு ஆஸ்கர் கிடைத்தன: ஒன்று துணை நடிகருக்கு, இன்னொன்று சக வீரர்களுக்கு நம்பிக்கை ஊட்டியதற்கு. பின்னாளில் முன்னாள் படைவீரர் அமைப்பு ஒன்றின் தேசியத் தலைவராகவும் இருந்தார். 1992இல், துணை நடிகருக்கான சிலையை ஏலத்தில் 60,500 டாலருக்கு விற்றார். மனைவியின் மருத்துவச் செலவுக்கு என்று சொன்னார்.