முதற்பாடலும் வழிப்பாடலும்

நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்தினார் நன்னூலார். இப்பாகுபாடு இசைப்பாடல்களுக்கும் பொருந்தும் என்பதற்கு 'வித்தவுட் யூ' என்னும் ஆங்கில ராக் பாடல் தக்க சான்றாகும்.

'பேட்ஃபிங்கர்' என்னும் பிரித்தானிய இசைக்குழுவைச் சேர்ந்த பீட் ஹாமும் டாம் எவன்சும் இதனை இயற்றினர். ஹாம் எழுதிய சரணமும் எவன்ஸ் எழுதிய பல்லவியும் இணைந்து ஒரு பாடலாயின. 1970இல் 'நோ டைஸ்' என்னும் இசைத்தொகுப்பில் அது வெளிவந்தது. பிரிந்து செல்வாரின் முகத்தை எண்ணி வருந்துவது சரணம்; அவரின்றி வாழ்வில்லை என்பது பல்லவி. இவ்விரு மனநிலைகளையும் குழுவினர் ஏறக்குறைய ஒரே அளவில் பாடினர். அதில் எளிமை உண்டு. ஆயினும் இரண்டு பகுதிகளும் இணைந்த தையல் செவிக்குப் புலப்படுகின்றது.

அமெரிக்கப் பாடகர் ஹாரி நில்சன் 1971இல் இதனைப் பாடியபோது, அத்தையலையே பாடலின் அழகாக்கினார். பியானோவின் மெல்லொலியில் சரணத்தைத் தாழ்குரலில் தொடங்கினார்; நரம்பிசை பெருகப் பல்லவியில் குரலை உச்சத்திற்கு உயர்த்தினார். எண்ணம் கதறலாக மாறும் கணம் அங்கே பிறந்தது. 1972இல் அமெரிக்காவில் நான்கு வாரங்களும் பிரிட்டனில் ஐந்து வாரங்களும் அப்பாடல் முதலிடம் பெற்றது. முதலைத் தழுவியும் வேறுபாடு காட்டியும் அமைந்த சிறந்த வழிப்பாடல் இது.

1994இல் பிரிட்டனில் முதலிடம் பெற்ற மரையா கேரியின் பாடல் நில்சனின் வழியையே சார்ந்தது. அவரது குரல்வளம் ஐயத்திற்கு இடமற்றது. எனினும், துயரத்தால் உடையும் குரல் அங்கு இல்லை. துயரத்தை வென்று நிற்கும் குரலே ஒலிக்கின்றது. ஆற்றல் மிகுந்த இடத்தில் உருக்கம் குறைந்தது எனலாம்.

இங்கே ஓர் உண்மையை மறத்தலாகாது. நில்சன் ஏறிய உச்சம் எவன்ஸ் அமைத்த மெட்டில் முன்னரே இருந்தது. ஆனால், புகழ் பாடியோரைச் சேர்ந்தது. பொருள் நெருக்கடியில் உழன்ற ஹாம் 1975இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இப்பாடலின் உரிமைத்தொகை பற்றிய பூசல் ஓயாத நிலையில், 1983இல் எவன்சும் அவ்வாறே மறைந்தார்.

வழிநூல் செய்தோர் முதனூலாசிரியரைப் போற்றுதல் தமிழ்மரபு. பாடலைக் கற்பிப்போரும் பாடியவர் பெயரோடு நில்லாது, இயற்றியவர் பெயரையும் மாணவர் நெஞ்சில் பதித்தல் வேண்டும். அதுவே படைத்தோர்க்குச் செலுத்தும் குறைந்த அளவு நன்றியாகும்.